மேலே அனுப்புகிற வேலை

“சின்ன ஊர்லயே கோச்சா இருந்துட்டா கடைசியில என்ன மாமா மிஞ்சும்?”

கேட்டவன் என் அக்கா மகன். பி.பி.எட். முடித்திருக்கிறான். சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை வருகிற மாதிரி இருக்கிறது. கோவில்பட்டியிலேயே இருந்தால் ஹாக்கிப் பையன்களோடு கிடக்கலாம். வருமானம்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. வீட்டில் எல்லோரும் சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள், இவனுக்கோ மனசு இங்கேயே நிற்கிறது. ஒரு டீயோடு முடிகிற பேச்சு இல்லை என்று தெரிந்ததால் கடை பெஞ்சை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டேன்.

“அமெரிக்காவுல இருந்து ஆரம்பிப்போம் மாப்ளே.”

“ஹாக்கியப் பத்திக் கேட்டா நீங்க அமெரிக்காவுக்குப் போறீங்களே!”

காரணத்தோடுதான் போனேன். சின்ன ஊரில் உட்கார்ந்து பையன்களைத் தேற்றித் தேற்றி மேலே அனுப்புவதை முழுநேரத் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள் அங்கே. அதற்குச் சம்பளம் உண்டு, பதவி உண்டு, எத்தனை ஜெயித்தார் எத்தனை தோற்றார் என்ற கணக்கும் உண்டு. பேஸ்பாலில் இதற்கு மைனர் லீக் என்று பெயர்.

மைனர் லீக் என்றதும் நம் ஆட்கள் சென்னை கிரிக்கெட் லீக்கை நினைத்துக்கொள்வார்கள். அங்கே கீழ் டிவிஷனில் ஜெயித்த அணி அடுத்த வருஷம் ஒரு டிவிஷன் ஏறும், மட்டமாக ஆடியது இறங்கும். பேஸ்பாலில் அந்தப் பேச்சே கிடையாது. உச்சியில் மேஜர் லீக், அதில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படி, படிக்கு ஒரு அணி. ஆக 120 அணிகள். மேலிருந்து கீழாக டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. அதற்கும் அடியில் புதுப் பையன்கள் பழகுகிற முகாம்கள். இந்த அணிகளில் பலவும் நம் கோவில்பட்டி, விருதுநகர் மாதிரி ஊர்களை நம்பி நடப்பவை. ஆட்டக்காரனுக்கும், மேனேஜர் என்று அவர்கள் சொல்கிற தலைமைக் கோச்சுக்கும் சம்பளம் கொடுப்பது மேலே இருக்கிற தாய் அணி. கீழே இருக்கிற அணி ஒரு வருஷம் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் ஒரு படி ஏறாது. ஏறுவது ஆள் மட்டும்தான்.

இது பிடிபட்டால் அந்த மேனேஜரின் பாடு தானாக விளங்கிவிடும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை 130, 150 ஆட்டங்கள். ஊருக்கு ஊர் பஸ்ஸில் போக வேண்டும். அணி பேட் செய்யும்போது பல மேனேஜர்கள் ஓடுகிறவன் தொட்டுப் போக வேண்டிய மூன்றாவது பேஸ் பக்கம் போய் நின்றுகொண்டு, அவனை ‘ஓடு’, ‘நில்’ என்று கை காட்டுவார்கள். அதற்கென்று தனி ஆள் வைக்கக் கட்டாது. பயிற்சியில் பந்து எறிந்து கொடுப்பதும் பல நேரம் அவர்தான். பந்து எறிகிற பையன் எத்தனை பந்துக்கு மேல் எறியக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆட்டம் கைக்கு வருகிற நேரத்தில் கணக்கு முடிந்துவிட்டால் அவனை வெளியே எடுத்தே ஆக வேண்டும். தோற்றாலும் சரி. ஆட்டம் முடிந்ததும் எவன் எப்படி ஆடினான் என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையில் ஒருவனைப் பற்றி நன்றாக எழுதினால் அடுத்த வாரம் அவன் இவரிடம் இருக்க மாட்டான்.

“நல்லாச் சொல்லிக்கொடுத்தா நம்ம டீம் தோக்கும்னு ஆகுதே மாமா.”

“அதேதான்.”

ஸ்டான் வாஸியாக் என்று ஒருவர் இருந்தார். 1950-ல் கீழ்நிலை அணி ஒன்றுக்கு மேனேஜர் ஆனார். 1986 வரை ஒரு வருஷம்கூட விடாமல் 37 சீசன் அந்த வேலையிலேயே இருந்தார். ஜெயித்தது 2,530 ஆட்டம், தோற்றது 2,314. மைனர் லீக்கில் அவரைவிட அதிகம் ஜெயித்த மேனேஜர் இல்லை. மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட மேனேஜராக உட்கார்ந்ததும் இல்லை.

இவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஆல்புகெர்க்கி. நியூ மெக்சிகோ மாநிலத்து ஊர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் டிரிபிள்-ஏ அணி அங்கே இருந்தது. மேஜர் லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே. 1972-ல் அங்கே மேனேஜர் டாமி லசோர்டா. அடுத்த வருஷம் லசோர்டாவை மேலே கோச்சாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1976 கடைசியில் டாட்ஜர்ஸுக்கே மேனேஜர் ஆனார், 1981-லும் 1988-லும் மேஜர் லீக்கின் உச்சப் போட்டியான உலகத் தொடரை ஜெயித்துக் கொடுத்தார். ஆல்புகெர்க்கியில் அவர் எழுந்துபோன நாற்காலியில் 1973-ல் வந்து உட்கார்ந்தவர் வாஸியாக். நாலு வருஷம் இருந்தார். பிறகு அவருக்கு வந்த வேலை மேலே இல்லை, கீழே: கலிபோர்னியாவில் லோடி என்ற ஊரின் சிங்கிள்-ஏ அணி. அதன்பின் ஃப்ளோரிடாவில் வெரோ பீச், அதுவும் சிங்கிள்-ஏ. கடைசி வரை அங்கேதான்.

ஒரே நாற்காலி, ஒரே முதலாளி. ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே போனார். லசோர்டா வாய்ச்சவடாலுக்குப் பேர்போன மனுஷர், பத்திரிகைக்காரர்களைக் கையில் வைத்திருக்கத் தெரிந்தவர். அதுதான் காரணமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லசோர்டா நிஜமாகவே கெட்டிக்காரர். அவருக்கு முன் இருந்த வால்டர் ஆல்ஸ்டனைப் பார்த்தால் கணக்கு இன்னும் குழம்பும். அவர் ஆட்டக்காரராக மேஜர் லீக்கில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 1936-ல் ஒரு தடவை பேட் பிடித்தார், அவுட். பிறகு மைனர் லீக்கில் வருஷக்கணக்கில் மேனேஜராக உழன்றுவிட்டு 1954-ல் டாட்ஜர்ஸுக்கு வந்தார். 23 வருஷம், வருஷா வருஷம் புது ஒப்பந்தம், நாலு உலகத் தொடர் வெற்றி. ஆகவே கீழே கிடந்தவர் மேலே வரவே முடியாது என்றும் இல்லை. வருகிறவர்களைவிட வராதவர்கள் பல மடங்கு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மாப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “நம்மாளு எவனாவது அங்க போயிருக்கானா?” என்றான். போயிருக்கிறார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் இரண்டு பேர், ஈட்டி எறிகிறவர்கள். 2008-ல் ஒரு போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் மைனர் லீக் அணிகளில் ஆடினார்கள். இரண்டு பேருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். இவர்கள் கதையை வைத்துச் சினிமாவே எடுத்தார்கள், அதோடு சரி.

இப்போது ஊருக்கு வருவோம். பஞ்சாலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் கடலை மிட்டாய்க்கும் எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் ஹாக்கிக்கும் உண்டு கோவில்பட்டியில். ஹாக்கிப்பட்டி என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு ஒரு கிளப், கோடையில் டோர்னமென்ட். லட்சுமி அம்மாள் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி கிருஷ்ணா நகர் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும்போது, ரயில்வே, வங்கி, கடற்படை என்று வெளியூர் அணிகளைப் பார்க்க வேலை முடிந்த கையோடு சனம் வந்து உட்கார்ந்துவிடும். பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று பக்கத்து ஆளிடம் கேட்க வேண்டிய அவசியம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பையன் ஸ்டிக் பிடித்துப் பெரியாளாக வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் இங்கேதான் பஸ் ஏறி வர வேண்டும்.

இந்த ஊர்தான் இந்திய ஹாக்கிக்கு ஒரு மைனர் லீக் ஊர். அமெரிக்காவில் தாய் அணி செய்கிற வேலையை இங்கே கொஞ்சம் பள்ளிக்கூடமும் கொஞ்சம் கிளப்பும் மிச்சத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாஸ்டலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பள்ளிக்கூட அணி, மாவட்ட அணி, ஹாஸ்டல், மாநில அணி, ஜூனியர் கேம்ப், பெங்களூரில் சீனியர் கேம்ப். படிக்கட்டு இதுதான்.

2022 மே 23, ஜகார்த்தா. ஆசியக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும். முதல் கால்பகுதியில் இந்தியாவுக்கு ஒரு கோல். அடித்தவர் கார்த்தி செல்வம், அவருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். கடைசி நேரத்தில் பாகிஸ்தான் ஒன்று போட்டு 1-1 என்று முடிந்தது. இந்தியா அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. கார்த்தி அரியலூர்க்காரர். அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். இரண்டு பேருமே கோவில்பட்டி ஹாஸ்டலில் தேறியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து சீனியர் அணிக்கு ஆள் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. அடுத்த வருஷம் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவை 5-0 என்று அடித்த ஆட்டத்திலும் முதல் கோல் கார்த்தியுடையது. இந்தியா அந்தக் கோப்பையை ஜெயித்தது.

ஜகார்த்தாவில் இந்திய அணியின் கோச்சாக இருந்தவர் சர்தார் சிங். முன்னாள் கேப்டன், பெரிய ஆட்டக்காரர், டி.வி.யில் அவர் முகம் வரும், வர வேண்டியதுதான். காலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் பையன்களை எழுப்பி ஓடவிட்டவர் முகம் வராது. அது ஆள் செய்கிற அநியாயம் இல்லை, அந்த வேலையின் அமைப்பே அப்படி.

“அப்ப நான் அந்த முகம் தெரியாத ஆளா இருக்கணுமா?”

“ஆமா. அதுல என்ன வேலைன்னு முதல்ல கேட்டுக்கோ.”

ஹாக்கி ஸ்டிக்கில் பந்தைத் தொடலாம் என்பது ஒரு பக்கம்தான், இடது பக்கத்துத் தட்டையான முகம். மறுபக்கம் வளைவு, அதில் பட்டால் ஃபவுல். பத்து வயசுப் பையன் வலது பக்கம் வருகிற பந்தை லேசாக எடுப்பான். இடது பக்கம் வந்தால் தடுமாறுவான், ஏனென்றால் ஸ்டிக்கை அப்படியே புரட்டி மூக்கால் எடுக்க வேண்டும். அந்தப் புரட்டலை இடது கைதான் செய்யும். மேலே பிடித்திருக்கிற இடது கை மணிக்கட்டைத் திருப்ப, கீழே இருக்கிற வலது கை குழாய் மாதிரி வளைந்து ஸ்டிக்கைச் சுழலவிட வேண்டும். பையன்கள் எல்லோரும் வலது கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். வலது கையைத் தளர்த்தச் சொல்லிக்கொடுப்பது வாயால் சொல்லி வருகிற காரியம் இல்லை. கோச் பின்னால் நின்று அவன் விரலைத் தன் விரலால் பிரித்துவிட வேண்டும். முப்பது பையன்கள், ஒவ்வொருவன் விரலையும். மறுநாள் மறுபடியும். பெங்களூர் கேம்பில் இருக்கிற கோச்சுக்கு இந்த வேலை கிடையாது. அங்கே வருகிறவனுக்கு இது வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயசில் பிடி தப்பாகப் படிந்துவிட்டால் இருபது வயசில் எந்த வெளிநாட்டுக் கோச்சாலும் அதை எடுக்க முடியாது.

அடுத்தது தரை. எங்கள் காலத்து மைதானம் கரிசலுக்கு மேல் சரளும் செம்மண்ணும் கொட்டி உருட்டினது. கோடையில் அடியிலிருந்து வெடிப்பு விடும், மழை பெய்தால் சரளை மீறிக் கரிசல் மேலே வந்து காலைப் பிடிக்கும். பந்து கடைசி அடியில் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்து ஸ்டிக்கில் படுகிற வரை கண்ணை எடுக்கக்கூடாது என்பது தானாகவே பழகிவிடும். இந்தப் பக்கத்துப் பையன்கள் ஸ்டிக் வேலையில் சுத்தமாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் உலகம் 1976-லேயே தரையை மாற்றிவிட்டது. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கை டர்ஃப். அதுவரை ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய இந்தியா அங்கே ஏழாவதாக வந்தது. 1980-ல் மாஸ்கோவில் நம் சென்னை வி. பாஸ்கரன் தலைமையில் எட்டாவது தங்கம் வந்தது. அதோடு நின்றது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலம் வரை பதக்கமே இல்லை. பெரிய ஊர்களுக்கு டர்ஃப் வந்து சேரவே பல வருஷம் ஆயிற்று, சின்ன ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. டர்ஃபில் பந்து துள்ளாது, நூல் பிடித்த மாதிரி வரும், ஆனால் இரண்டு மடங்கு வேகம். ஸ்டிக்கைக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி எடுக்க வேண்டும். மண் தரையில் நிமிர்ந்து நின்று ஆடிப் பழகின பையன், செலக்‌ஷன் அன்று முதல் தடவையாக டர்ஃபில் இறங்கினால் பந்து ஸ்டிக்குக்கு அடியில் ஓடிவிடும். ஆட்டம் தெரியாதவன் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் இப்படி அரை மணி நேரத்தில் தொலைந்துபோனார்கள். கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் வந்தபிறகுதான் நம் பையன்களுக்கு அந்தத் தண்டனை நீங்கியது.

தண்ணீர் விவகாரம் ஒன்று உண்டு, சொல்லாமல் போக முடியாது. சர்வதேசப் போட்டிக்கான டர்ஃபை ஆட்டத்துக்கு முன் நனைக்க வேண்டும். நனைத்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு வரும், விழுகிறவனுக்குத் தோல் உரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர். கோவில்பட்டி குடிப்பதே சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை. குடம் வரிசையில் நிற்கிற ஊரில் இந்த விளையாட்டு வேரூன்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பல நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது. தண்ணீர் தேவைப்படாத டர்ஃபுக்கு மாற வேண்டும் என்று உலக ஹாக்கிச் சம்மேளனமே இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. அது வந்தால் லாபம் ஐரோப்பாக்காரனைவிடக் கரிசல்காட்டுக்காரனுக்குத்தான்.

மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். “பி.டி. உஷா கோச் நம்பியாரும் சின்ன ஊர்க்காரர்தானே? அவர் பேரு தெரியாதவங்க இல்லையே?”

நல்ல கேள்வி. ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர், கண்ணூர் விளையாட்டு விடுதியில் கோச். அங்கே உஷாவைச் சின்னப் பிள்ளையாகப் பிடித்தார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை விட்டபோதும் கோச் அவரேதான். மறு வருஷம் துரோணாச்சார்யா விருது தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே அவர் பெயர். 2021-ல் பத்மஸ்ரீ, அதே வருஷம் காலமானார். ஆனால் ஓட்டம் என்பது ஒற்றை ஆள் விவகாரம். பிள்ளை மேலே போனால் கோச்சும் கூடவே போகலாம். ஹாக்கியில் முடியாது. பதினெட்டுப் பேர் அணியில் பதினெட்டு ஊரிலிருந்து பதினெட்டு கோச்சுகள் பின்னாலேயே வந்தால் கேம்ப் தாங்காது. கூட்டு ஆட்டத்தில் பையன் போவான், கோச் நிற்பார். அதனால் விருதுக் கணக்கும் இவர்களுக்கு ஒத்துவராது. கையில் இருக்கிற ஆள் சர்வதேசப் பதக்கம் வாங்கினால்தான் கோச்சுக்கு மதிப்பெண் விழும். இவர் கையில் இருக்கும்போது பையனுக்குப் பதினைந்து வயசு.

இதில் ஒரு கோணல் உண்டு. எல்லா கோச்சும் தியாகி இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வேண்டும், கோப்பை வந்தால் நிர்வாகம் மதிக்கும் என்பதற்காகப் பையனை மேலே விடாமல் பிடித்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டிரயல்ஸ் தேதியைச் சொல்ல மாட்டார்கள். காலில் வலி என்கிற பையனை ஊசி போட்டு ஆடவைப்பார்கள். வயசுச் சான்றிதழில் கை வைப்பார்கள். அமெரிக்காவில் மேலிடம் அறிக்கை கேட்கிறது, பந்து எண்ணிக்கைக்கு வரம்பு போடுகிறது என்றேனே, அதற்கு அர்த்தம் இங்கேதான் விளங்கும். அந்த மேனேஜர் ஜெயிக்க ஆசைப்பட்டாலும் பையனைப் பிழிய முடியாது. நம்மிடம் அந்தக் கடிவாளம் கோச்சின் மனசாட்சி மட்டும்தான். மனசாட்சியை நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்தக்கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு வேலை, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மைனர் லீக் மேனேஜருக்கு ரொம்பக் கஷ்டமான நாள், ஒரு பையனை அறைக்குள் கூப்பிட்டு, ‘உன்னை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள்’ என்று சொல்கிற நாள். மைனர் லீக்கில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கைப் பார்க்க மாட்டார்கள். இங்கும் அதே கணக்கு. ஹாஸ்டலில் சேருகிற எல்லோரும் கார்த்தி ஆகப் போவதில்லை. ரயில்வேயில், போலீஸில், வங்கியில் விளையாட்டு இடஒதுக்கீட்டில் வேலை கிடைப்பதே பலருக்கு உச்சம். தமிழ்நாடு அரசு வேலையில் அது 3 சதவீதம். நல்ல கோச் பதினேழாவது வயசில் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வார். ‘இவன் மாநில அணி வரைக்கும் ஆடுவான், அதுக்கு மேல வேகம் பத்தாது, அதனால டிகிரியை விட்டுறாதீங்க, சர்டிஃபிகேட்டை எல்லாம் பத்திரமா வைங்க.’ தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துப் பையனை ஹாஸ்டலில் விட்ட வீட்டில் போய் இதைச் சொல்வது, இந்திய அணிக்கு வியூகம் வகுப்பதைவிடச் சிரமம். தப்பாகச் சொல்லிவிடவும் கூடாது. வளர்த்தி தாமதமாகிற பையன்கள் உண்டு, பத்தொன்பதில் திடீரென்று கால் நீளும்.

“நீங்க சொல்றதைப் பார்த்தா சென்னைக்கே போயிடலாம் போலயே” என்று சிரித்தான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. இருந்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஒரு வருஷ டிப்ளமோவை முடித்துவிட்டு வா என்றேன். ஆறு வார சர்டிஃபிகேட் கோர்ஸ் ஒன்றும் உண்டு, அது அரிச்சுவடி. ஹாக்கி இந்தியாவும் படிப்படியாக கோச்சிங் வகுப்புகள் நடத்துகிறது. ஆடத் தெரியும் என்பதற்காகக் கோச் ஆகிறவர்கள் நம் ஊரில் ஏற்கெனவே போதும்.

மிஞ்சுவது என்ன என்ற அவன் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வாஸியாக்குக்கு 2,530 என்ற எண் மிஞ்சியது. யோசித்தால் அது அவருக்குக் கொடுத்த வேலையின் கணக்கே இல்லை. அவர் வேலை ஆள் தயாரிப்பது, எண்ணியது வெற்றியை. அந்தத் தப்பான கணக்குகூட நம் ஊர்க் கோச்சுகளுக்குக் கிடையாது. ஹாஸ்டலில் ஒரு பேரேடு போட வேண்டும். சேருகிற ஒவ்வொரு பையன் பெயருக்கும் எதிரே, அவனுக்கு முதலில் ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார், எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருக் கிளப் என்று எழுத வேண்டும். அவன் இந்திய அணிக்குப் போனால் அந்த வரியும் கூடவே போக வேண்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். பத்து வருஷப் பேரேட்டைப் புரட்டினால், எந்த மூலையில் எந்த வாத்தியார் பையன்களைத் தொடர்ந்து அனுப்புகிறார் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்துவிடும், டர்ஃபை எங்கே போடலாம் என்பதற்கு வேறு ஆய்வு வேண்டாம்.

கடைசியாக அவன் கேட்டது தொழில் சம்பந்தப்பட்டது. ஜூனியர் கேம்புக்கு ஒரே நேரத்தில் நாலைந்து பேரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த வாரம் டோர்னமென்ட் இருந்தால் என்ன செய்வது? பேஸ்பாலில் கீழ்ப் படியிலிருந்து ஆள் அனுப்பிவிடுவார்கள். இங்கே எட்டாம் வகுப்புப் பையன்கள்தான் கீழ்ப் படி. பழைய கோச்சுகள் செய்வது இது: போனது ஃபார்வர்டு என்றால் புதுப் பையனை உடனே ஃபார்வர்டில் போட மாட்டார்கள். அனுபவமுள்ள ஹாஃப்-பேக்கை முன்னால் தள்ளிவிட்டு, சின்னவனை ஓரத்து ஹாஃபில், கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் கோடு காப்பாற்றும், மூன்று பக்கம் பார்த்தால் போதும். தப்பு செய்தாலும் பந்து வெளியேதான் போகும், கோலுக்கு வராது. இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நாலைந்து நிமிஷம் ஆடவிட்டு வெளியே எடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, இப்போது அந்த இடத்தில் ஆடுகிறவன் என்ன செய்கிறான் பார் என்று காட்டிவிட்டு மறுபடி உள்ளே அனுப்புவார்கள். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்குவார்கள். அதைப் பற்றிப் பையனிடம் பேசக்கூடாது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் அவன் வலது கைப் பிடி தளர்வாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் இறுக்கிவிடுவார்கள்.